கடலுக்கும் வயலுக்கும் நடுவே: எந்த ஊரில் குடியிருப்பது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் கொலம்பியா என்னும் பேராறு ஓடுகிறது. அதன் தென்கரையில் ஒறிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரம். வடகரையில் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் நகரம். ஒறிகனிலே பொருள் வாங்குவோர் விற்பனை வரி செலுத்த வேண்டியதில்லை. வாஷிங்டனிலோ சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. ஆகவே வடகரையில் குடியிருந்து, அங்கேயே உழைத்து, பாலத்தைக் கடந்து தென்கரைக் கடைகளுக்குப் போய் வருவதே சாமர்த்தியம் என்று அந்நாட்டுக் குடும்பத் தலைவர்கள் கணக்குப் போடுகின்றனர். வடகரையில் உறங்கித் தென்கரையில் உத்தியோகம் பார்ப்பவரை ஒறிகன் அரசு விட்டுவைப்பதில்லை. தன் மண்ணில் ஈட்டிய ஊதியத்துக்குரிய வரியை அறவிட்டுக்கொண்டே அனுப்பும். அடுத்தடுத்த இரு மாநிலங்களுள் எதில் குடியிருப்பது என்பது அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சி.

நமது கிழக்கிலங்கையிலும் அத்தகைய ஆராய்ச்சி உண்டு. மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி வரும் பெருந்தெருவிலே பஸ்ஸில் பிரயாணம் செய்பவர், பெரியநீலாவணையைத் தாண்டியதும் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்ப் பெயர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுவதைக் கேட்பார். நடுவே பேராறு இல்லை. பல இடங்களில் ஒரு வேலியளவு இடைவெளிதானும் இல்லை. நடத்துநர் குரல் கொடுக்காவிட்டால், ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கியதைப் புதியவர் அறிய மாட்டார். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்வயல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்திலேதான் இத்தனை ஊர்களும் தோளோடு தோள் நெருக்கி நிற்கின்றன. கல்முனை மாநகர எல்லைக்குள் மாத்திரம் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வாழ்ந்தனர்.

இடமாற்றக் கட்டளை கைக்கு வந்ததும் ஆசிரியரும், வங்கி எழுதுவினைஞரும், வைத்தியசாலை உத்தியோகத்தரும் நம்மிடம் கேட்பது இதுதான்: "இந்த ஊர்களுள் எதில் வீடு எடுக்கலாம்?" பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே நல்லது, கிணற்றுத் தண்ணீர் எங்கே உவர்க்காது, வாடகை எங்கே மலிவு என்று அவர்கள் அடுக்குவார்கள். நியாயமான கேள்விகளே. ஆனால் இவை யாவும் வந்து போகிறவருடைய கேள்விகள். இந்த மண்ணிலே பிறந்தவர் கேட்கும் கேள்வி வேறு. அதற்குப் பின்னர் வருவோம். முதலில் வந்து போகிறவருக்கு விடை சொல்லிவிடுவோம்.

வசதி ஒன்றே குறியென்றால் கல்முனை நகரமே முதலிடம் பெறும். மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் அம்பாறைக்கும் பஸ் ஏறும் இடம் அது. அரசினரின் பெரிய வைத்தியசாலைகள் இரண்டு அந்நகரில் உள்ளன. ஒரே நகரில் இரண்டு எதற்கு என்று வியப்பவர்கள், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருடைய தெருவுக்கு மற்றவர் செல்ல அஞ்சியிருந்த காலம் ஒன்று இருந்ததை நினைத்துக்கொள்ள வேண்டும். மெதடிஸ்த மிஷனார் நிறுவிய உவெஸ்லி, கத்தோலிக்கரின் கார்மேல் பற்றிமா, 1949 இல் தொடங்கிய சாஹிராக் கல்லூரி, மஹ்மூத் மகளிர் கல்லூரி என்று பள்ளிக்கூடங்களுக்கும் குறைவில்லை. குறைவு அமைதிக்குத்தான். மாலை வேளையில் கல்முனைக் கடைத்தெருவைக் கடப்பது ஒரு வித்தை. முச்சக்கர வண்டிக்காரர்களும் மீன் வியாபாரிகளும் தனியார் வகுப்பு முடிந்து வரும் மாணவரும் ஒரே வேளையில் தெருவுக்கு உரிமை கோருவர்.

அமைதி விரும்புவோர் வடக்கே மருதமுனைக்குப் போகலாம். கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. ஒரு காலத்தில் அவ்வூர் ஒழுங்கைகளில் நடப்பவருக்கு வீடுதோறும் தறியொலி கேட்கும். 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்து வெளிநாட்டுத் துணி மலிந்தபோது தறிகள் பல ஓய்ந்தன. ஆயினும் மருதமுனைச் சாறனுக்கும் சேலைக்கும் உள்ள மதிப்பு இன்னும் அற்றுப்போகவில்லை. தறியை விட்டவர்கள் பேனாவைப் பிடித்தார்கள் என்று அவ்வூரவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. புலவர்களும் ஆசிரியர்களும் மிகுந்த ஊராதலின் அதனை வெறும் வேடிக்கை என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை.

விழாக்களை விரும்புவோருக்கு எந்த ஊரும் ஏற்றதே. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு நாளன்று ஊரே திரண்டு நிற்கும். அங்கிருந்து சிறிது தூரத்திலே, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில், நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும். கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பள்ளியின் கொடியேற்றத்தைக் காண இந்துக்களும் செல்வது பழைய வழக்கம்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும். மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்று வயல்வெளியைக் கடந்து வந்து முகத்தில் அனலாக மோதும். பிற்பகலில் கடற்காற்று எழுந்து அதனைத் தணிப்பதால் கரையோர ஊரவர் தப்பிப் பிழைக்கின்றனர். உள்நாட்டுச் சம்மாந்துறையில் அந்தச் சலுகை குறைவு. ஐப்பசி பிறந்தால் நிலைமை மாறும். வடகீழ்ப் பருவமழை தை வரை ஓயாது. அப்போது மேற்கு வயல்களின் வெள்ளம் கடலுக்குப் போக வழி தேடி ஊர்களுக்கு நடுவே புகும். சாய்ந்தமருதிலே தோணா என வழங்கும் நீரோடை அவ்வெள்ளத்தைக் கடலிற் சேர்ப்பதற்கென்றே இயற்கை அமைத்தது. அதிலே குப்பையைக் கொட்டி அடைத்துவிட்டு, வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டதென்று வருந்துவதில் பொருளில்லை.

நிற்க. மண்ணிலே பிறந்தவர் கேட்கும் கேள்விக்கு இனி வருவோம்.

அமெரிக்காவில் ஒரு குடும்பம் ஊர் மாறுவது வேலையால். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் உத்தியோகத்தால். இந்தக் கரையிலோ ஆண்மகன் ஊர் மாறுவது கலியாணத்தால். பெண் தான் பிறந்த வளவை விட்டு நீங்குவதில்லை. மாப்பிள்ளையே பெண்ணின் வீட்டுக்குக் குடிவருகிறார். மருதமுனையில் பிறந்தவர் நிந்தவூர்க்காரராவதும், நிந்தவூரில் பிறந்தவர் சாய்ந்தமருதில் முதுமையடைவதும் இங்கே அன்றாட நிகழ்ச்சி. தாய்வழிக் குடிமுறை என்பர் இதனை. முஸ்லிம்களுக்கே உரியதென்று யாரும் எண்ண வேண்டாம். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் வாழும் இந்துத் தமிழரும் இதே முறையினரே. குடிப்பெயர் தாய்வழியாக வரும். ஒரே குடிக்குள் மணம் செய்யலாகாது என்னும் கட்டும் இரு சமூகத்தாருக்கும் பொது. 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கரைப்பற்றில் தங்கியிருந்து ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்றே, 2008 இல் வெளியிட்ட தமது பெருநூலிலே இந்த ஒற்றுமையை விரிவாக எழுதியிருக்கிறார். கோயிலையும் பள்ளிவாசலையும் பார்த்து நம்மை வேறுபிரிப்பவர்கள், நாம் வீடு கட்டும் விதத்தைப் பார்த்தால் வேறுபிரிக்க இயலாது திகைப்பார்கள்.

இந்த முறையின் நடுநாயகம் வீடு. மகளுக்கு மணம் பேசுமுன் அவளுக்கொரு வீடு எழும்ப வேண்டும். சீதன உறுதி பெரும்பாலும் அவள் பேரிலேயே எழுதப்படும். மூத்தவளுக்கு மணமானால் பெற்றோர் இருந்த வீட்டை அவளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, அதே வளவில் இன்னொரு வீடு கட்டி இளையவர்களோடு அதிலே குடிபுகுவர். அடுத்தவளுக்கு அது, அதற்கடுத்தவளுக்கு மற்றொன்று. இஸ்லாமியச் சட்டப்படி தந்தை இறந்தபின் பிரிக்கும் சொத்தில் மகளுக்கு மகனுடைய பங்கில் பாதி. ஆனால் இந்தக் கரையிலே தந்தை உயிரோடிருக்கும்போதே வீடும் வளவும் மகளிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மாப்பிள்ளை மணப்பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டுமென்பது மார்க்கம். பெண்வீட்டார் மாப்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டுமென்பது ஊர். இரண்டும் அருகருகே நடக்கின்றன.

இதிலே பெண்ணுக்கு ஒரு பெரும் பாதுகாப்பு உண்டு. தாய் அடுத்த வீட்டில், சகோதரியர் சுற்றிலும். கணவன் கடலுக்குப் போனாலும் கட்டாருக்குப் போனாலும் அவள் தனித்திருப்பதில்லை. இந்த நன்மையை எடுத்துச் சொல்லாமல் சீதனத்தை மாத்திரம் ஏசுவோர் பாதிக் கணக்கையே பார்க்கின்றனர். மற்றப் பாதியையும் மறைக்கக்கூடாது. தங்கைமாருக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போடும் அண்ணன்மார் எத்தனை பேர்! மத்திய கிழக்கில் வெயிலில் நின்று உழைத்த பணம் இந்த ஊர்களிலே செங்கல்லாகவும் சீமெந்தாகவும் எழும்பி நிற்கிறது. அதிலே அவர்களுக்குரியது ஒரு சன்னல்கூட இல்லை.

பணத்தை எங்காவது தேடிவிடலாம். நிலத்தை எங்கே தேடுவது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்; மாணவர்களும் போட்டுப் பார்க்கலாம். பாட்டிக்குச் சீதனமாக வந்த வளவு கால் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அஃதாவது 40 பேர்ச். அவருக்கு நான்கு பெண்கள். ஆளுக்கு 10 பேர்ச். வீடு, கிணறு, இரண்டு தென்னை, ஒரு முருங்கை எல்லாம் அடங்கும். அந்த நால்வருக்கும் மும்மூன்று பெண்கள் பிறந்தால், ஆளுக்கு மூன்று பேர்ச்சும் கொஞ்சமும். கிட்டத்தட்ட 900 சதுர அடி. வீடு எழும்பும், தென்னை போய்விடும். கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையே சில அடிகளே மிஞ்சும். மணல் நிலமாதலால் ஒன்றன் நீர் மற்றொன்றுக்குப் போவதைத் தடுக்க முடியாது. அம்பாறைக்கு அண்மையிலுள்ள கொண்டவட்டுவான் குளத்து நீர் குழாய் வழியாகக் கரையோர ஊர்களுக்கு வரத் தொடங்கியது பெரும் ஆறுதல் என்பதை இந்தக் கணக்குத் தெரிந்தவரே அறிவர். ஆனால் அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கு? கடலை நோக்கி நகர முடியாது. வயலை நோக்கி நகரச் சட்டம் இடந்தராது. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவது குற்றம். நெல்லும் வேண்டும், வீடும் வேண்டும். மாடிக்குமேல் மாடி எழுப்பி மேல்மாடியை இளைய மகளுக்கு எழுதிவைப்பதே சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் பலர் கண்ட வழி.

இந்த நெருக்கத்தின்மேல் வந்து விழுந்ததுதான் 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் கடற்கோள். இலங்கையின் மாவட்டங்கள் யாவற்றிலும் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை, கரைக்கு அண்மையில் நெருங்கியிருந்த வீட்டு வரிசைகள் அன்று காலை இருந்த இடம் தெரியாமற் போயின. நிலம் குறைந்தவர்களே கடலோரத்தில் குடியிருந்தனர். அவர்களே அதிகமாக மாண்டனர். தப்பியவர்களுட் பலர் வயல்களைக் கடந்து சம்மாந்துறைக்கு ஓடினார்கள்.

அடுத்து வந்தது சட்டம். வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் முதலில் அறிவித்தது. பின்னர் அத்தூரம் குறைக்கப்பட்டு, இந்தப் பகுதியில் 65 மீற்றர் என்று வழங்கலாயிற்று. கடலோர உறுதி வைத்திருந்த பெண்கள், கையில் உறுதியும் காலடியில் தடையுமாக நின்றனர். அவர்களுக்கென எழுந்த வீடுகளுக்கு மருதமுனையில் இன்றும் '65 மீற்றர் வீட்டுத் திட்டம்' என்றே பெயர். அளவுகோலே ஊர்ப்பெயராகிவிட்ட விந்தையை வேறெங்கும் நாம் கேள்விப்பட்டதில்லை. சாய்ந்தமருதின் மேற்குப் புறத்தில் வெனிசுவேலா நாட்டின் உதவியால் எழுந்த குடியிருப்பு பொலிவேரியன் கிராமம். தென்னமெரிக்க விடுதலை வீரர் சிமோன் பொலிவாரின் பெயரை நமது முஸ்லிம் தாய்மார், வெற்றிலை வாங்கிவரச் சொல்லும் சரளத்தோடு உச்சரிக்கக் கேட்பது ஓர் இன்பம். கல்முனையிலோ கிறீன்பீல்டில் தொடர்மாடி வீடுகள் அமைந்தன.

தொடர்மாடி வீடு கொழும்பில் வாழ்பவருக்குப் பெரும் பேறு. இந்தக் கரையில் அதற்கொரு குறை உண்டு. அதனைத் திட்டம் வரைந்தவர்கள் அறிந்திருந்தார்களோ இல்லையோ நாம் சொல்ல மாட்டோம். அந்த வீட்டுக்கு வளவு இல்லை. மேலே இன்னொரு மாடி எழுப்பவும் முடியாது. பக்கத்தில் ஓர் அறை இறக்கவும் முடியாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று எண்ணிக் கொடுத்தார்கள். ஒரு மகளுக்கு ஒரு வீடு என்பதே இங்குள்ள கணக்கு. மூன்று பெண்களைப் பெற்றவருக்கு அந்த ஒரு வீடு எந்த மகளுடையது?

அக்கரைப்பற்றிலே இதனினும் துயரமான கதை உண்டு. கடற்கோளில் வீடிழந்தோருக்கென நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் கொடையால் 500 வீடுகள் கட்டப்பட்டன. வீடுகள் மாத்திரமல்ல, பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் பள்ளிவாசலும்கூட எழும்பின. அவற்றைப் பங்கிடும் முறை பற்றி வழக்கு மூண்டது. ஓர் இனத்தவருக்கு மாத்திரம் கொடுத்தல் தகாது, விகிதப்படி பகிர வேண்டும் என்று 2009 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பு வந்தபின்னும் ஆண்டுகள் பல உருண்டன; வீடுகள் ஆளின்றிக் காடு பற்றிப் பாழடைந்தன. அக்கரைப்பற்றில் வீடிழந்த குடும்பங்களின் சிறுமியர் வளர்ந்து, மணமாகி, தாய்மாரும் ஆகிவிட்டனர்.

இத்தனைக்கும் நடுவே நம் ஊர்கள் எதைப் பற்றி வாதிடுகின்றன? எல்லையைப் பற்றி! 1987 வரை கல்முனைப் பட்டின சபையும் கரைவாகுக் கிராம சபைகளும் தனித்தனியே இயங்கின. பிரதேச சபை முறை வந்தபோது யாவும் ஒன்றாக்கப்பட்டன. தங்களுக்கென ஒரு சபை வேண்டுமென்பது சாய்ந்தமருது மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி அறிவித்தல் வந்தது. வெடி கொளுத்திய புகை அடங்குமுன், சில நாள்களுக்குள்ளேயே, அது நிறுத்திவைக்கப்பட்டது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டுமென்று தமிழ் மக்கள் 2019 ஜூனில் உண்ணாவிரதமிருந்தனர். அதனை எதிர்த்து முஸ்லிம்களும் திரண்டனர். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதற்குரிய நியாயம் உண்டு. தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் யாரிடம் போய்க் கேட்பது என்பது சிறிய காரியமன்று. எனினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. கொலம்பியா ஆற்றின் எல்லையைக் கடந்தால் ஒருவருடைய வரி மாறுகிறது. நம் எல்லைகளைக் கடந்தால் எது மாறுகிறது? பேர்ச் ஒன்றின் விலை எல்லைக்கு இருபுறமும் ஏறிக்கொண்டேதான் போகிறது.

குப்பையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கொட்டுவதற்கு ஓர் அடி நிலமில்லாத இந்தக் கரையோர ஊர்கள் பல தங்கள் குப்பையை அட்டாளைச்சேனைப் பக்கத்துப் பள்ளக்காட்டுக்கு அனுப்பின. தமிழ் ஊர்க் குப்பை, முஸ்லிம் ஊர்க் குப்பை என்ற பேதமின்றி அங்கே அது குவிந்தது. காட்டு யானைகள் வந்து அதைத் தின்றன. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்ரிக்கை விழுங்கி மாண்டன என்று 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. நமது சபைகளின் எல்லைச் சண்டையைப் பற்றி அந்தப் பத்திரிகைகள் ஒரு வரிதானும் எழுதியதாக நமக்கு நினைவில்லை.

இனித் தெற்கேயும் மேற்கேயும் நிலம் உண்டா என்று பார்ப்போம். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையில் காரைதீவு இருக்கிறது. யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகள் 1892 இல் பிறந்த ஊர். கண்ணகியம்மன் கோயிலும் கடற்கரையும் வயலும் சேர்ந்த அழகிய தமிழூர். இருபுறமும் முஸ்லிம் ஊர்கள், இடையில் இது. 1985 இலும் 1990 இலும் நடந்த வன்செயல்களின் பின் இங்கே மட்டுமல்ல, இந்தக் கரை முழுவதிலும் ஒருவர் மற்றவருடைய ஊரிலே காணி வாங்கத் தயங்குகின்றனர். விற்பதற்கும் ஊரார் விடுவதில்லை. ஆகவே பக்கத்து வேலிக்கு அப்பால் வளவு சும்மா கிடந்தாலும் அது எட்டாத தூரமாகிவிட்டது. எல்லை என்று உண்மையில் ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

நிந்தவூரில் வளவுகள் சற்று விசாலம். வேளாண்மை செழித்த ஊர். ஆனால் கடல் அவ்வூரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டிருக்கிறது. தெற்கே ஒலுவிலில் 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், கரை வழியே வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்துக்கொண்டன. தெற்கிலே மணல் குவிந்து துறைமுக வாயை அடைத்தது. வடக்கிலே மணல் வராமையால் ஒலுவில் கரையும் நிந்தவூர்க் கரையும் அரிக்கப்பட்டுத் தென்னைகள் வேரோடு கடலிற் சாய்ந்தன. மீனவருக்குத் துறையும் உதவவில்லை, கரையும் நிலைக்கவில்லை. ஒலுவிலுக்குப் பெருமை தருவது தென்கிழக்குப் பல்கலைக்கழகமே. 1995 இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே பல்கலைக்கழகமாயிற்று. பெண்மக்களைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர் பலர், வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரமென்பதால் அனுப்பிவைத்தனர். பட்டம் பெற்ற மகளுக்கும் வீடு கட்டத்தான் வேண்டும் என்பது வேறு விஷயம். சீதனத்தைச் சம்பளம் குறைத்ததாக நாம் காணவில்லை.

எஞ்சியிருப்பது சம்மாந்துறை. கடலைக் காணாத ஊர். நெல்லூர் என்றே சொல்லலாம். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல்கள் சூழ்ந்தது. கடற்கோள் அங்கே எட்டவில்லை. காணியின் விலையும் கரையோர ஊர்களை நோக்கச் சற்றுத் தாழ்வு. ஆனால் கரையிலிருந்து அங்கே போவதற்குக் காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாக வயல்களைக் கடந்து செல்லும் தெருவே வழி. மாரியில் வெள்ளம் அந்தத் தெருவுக்கு மேலாகப் பாயும். 2024 நவம்பர் 26 அன்று, நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரம் அவ்விடத்தில் வெள்ளத்தால் அள்ளுண்டது. அந்தச் சிறுவர்கள் பலர் உயிரோடு வீடு சேரவில்லை. சம்மாந்துறையில் குடியிருக்கலாமா என்று கேட்பவருக்கு, முதலில் அந்தத் தெருவை உயர்த்துங்கள், பிறகு கேளுங்கள் என்றே நாம் சொல்வோம்.

ஆயினும் மக்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, போகத் தொடங்கிவிட்டார்கள். சாய்ந்தமருதில் நமக்குப் பழக்கமான ஒரு மீன் வியாபாரி இருக்கிறார். மூன்று பெண்களின் தந்தை. கடலோர வளவைக் கடற்கோள் கொண்டுபோயிற்று. கிடைத்த மாடி வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்தார். மனைவியின் தாய்வழியில் வந்த நாலு பேர்ச்சை மீட்டு இரண்டாமவளுக்கு வீடு கட்டினார். மூன்றாமவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தபின் காணி தேடி அலைந்தார். அந்த நாள்களில் நம்மை ஒருமுறை தெருவில் மறித்து நின்றார்.

"சேர், கடலோரத்துலயும் இருந்து பாத்துட்டன், மாடியிலயும் இருந்து பாத்துட்டன். இனிப் புள்ளைக்கு வயல் பக்கம்தான்," என்றார்.

"காக்கா, பிள்ளை தாயை விட்டு அவ்வளவு தூரம் போவாளா?" என்று கேட்டோம்.

"அவ ஓமெண்டுட்டா. அவட உம்மாதான் இன்னும் ஓமெண்டல்ல," என்றார் அவர்.

சம்மாந்துறை ஓரத்தில் எட்டுப் பேர்ச் காணி வாங்கி வீடும் கட்டி முடிந்தது. கலியாணமும் ஆயிற்று. மாப்பிள்ளை மருதமுனைக்காரர், அவர் எந்த ஊருக்கும் போகச் சம்மதித்தவர். தாய்க்கும் மகளுக்கும் இடையில் இப்போது இரண்டு பஸ். வெள்ளிக்கிழமை தோறும் அந்த அம்மையார் காலையிலே பார வாளியில் மீனோடு காரைதீவுச் சந்தியில், விபுலானந்தர் சிலைக்கு எதிரே, சம்மாந்துறை பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பதைப் பார்க்கலாம். திரும்பும்போது வாளியிலே கீரையும் கத்தரிக்காயும் இருக்கும். அந்த வளவில் மகள் தோட்டமிட்டிருக்கிறாள். மாரி பிறந்துவிட்டால் மகள், "வர வேண்டாம் உம்மா," என்று தொலைபேசியில் சொல்லிவிடுவாள். தெருவின் மேலே தண்ணீர் எவ்வளவு என்று தந்தை அன்றாடம் விசாரித்துக்கொண்டிருப்பார். மற்றப்படி அங்கே காற்று போதாது என்பதுதான் அந்த அம்மையாரின் ஒரே முறைப்பாடு.